திருவிழாவா, அன்றாடமா? அன்றாடமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பிற பண்பாடுகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் படப் புத்தகத்துக்கு உகந்த பொருள் திருவிழாவா, அன்றாட வாழ்க்கையா? இதுதான் தலைப்பு. திருவிழாவே என்று பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். விழாவில்தான் வண்ணம் இருக்கிறது என்றார். விழாவுக்குத் தொடக்கமும் உச்சமும் முடிவும் இருப்பதால் கதை தானே அமைந்துவிடும் என்றார். அந்தந்த விழா நாளில் ஆசிரியர் எடுத்து வாசிக்க வசதி என்றார். போகிற போக்கில், "இவர்கள் பல் தேய்ப்பதையெல்லாம் புத்தகமாகப் போடச் சொல்வார்கள்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

போடச் சொல்கிறோம் ஐயா, தாராளமாகப் போடச் சொல்கிறோம்! எதைக் கொண்டு தேய்க்கிறார்கள், எங்கே நின்று தேய்க்கிறார்கள், தண்ணீர் எதிலிருந்து வருகிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஓவியர் வரைந்தாக வேண்டுமே. அந்த ஒரு படத்தில் ஒரு வீடே வந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் அந்தக் கதை வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் இரு புறமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், சமர்ப்பணம் எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள்தான். சொற்கள் 500-ஐத் தாண்டினால் பிள்ளை நம் கையைத் தள்ளிவிட்டுத் தானே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடும்.

இந்த இடத்துக்குள் ஒரு விழாவை அடக்கிப் பாருங்கள். வீட்டைச் சுத்தம் செய்வது ஒரு இரட்டைப் பக்கம். விழா ஏன் வந்தது என்ற பழங்கதைக்குக் குறைந்தது இரண்டு. புத்தாடை ஒன்று, சமையல் ஒன்று, வழிபாடு ஒன்று, உறவினர் வருகை ஒன்று, பரிசு ஒன்று, ஊர்வலமோ ஆட்டமோ இரண்டு, இரவு விளக்கு ஒன்று. கணக்கு முடிந்தது. பிள்ளை எங்கே? ஓரமாக நின்று, "இந்த நாளில் நாங்கள் புத்தாடை உடுத்துவோம், இந்த நாளில் நாங்கள் பெரியவர்களை வணங்குவோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. உலகத்தில் எந்தப் பிள்ளையாவது தன் வீட்டைப் பற்றி இப்படிப் பேசுமா? அது வழிகாட்டியின் பேச்சு. பேருந்தில் வந்து இறங்கியவர்களுக்குச் சொல்வது.

கதையா, கையேடா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. கைப்பிரதியில் அந்த விழாவின் பெயரை அடித்துவிட்டு, வேறொரு நாட்டு விழாவின் பெயரை எழுதுங்கள். உடையையும் பலகாரத்தையும் மட்டும் மாற்றுங்கள். எழுத்து அப்படியே நின்றால் அங்கே கதை இல்லை, நிரப்பித் தரும் படிவம்தான் இருக்கிறது. பத்துப் புத்தகத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள், எத்தனை தேறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

காரணம் சின்னதுதான். படப் புத்தகத்தை ஓட்டுவது பக்கம் புரட்டல். வலப்பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி தொங்க வேண்டும். புரட்டினால் பதில் கிடைக்க வேண்டும். அதற்குப் பிள்ளைக்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும், அது எளிதில் கிடைக்கக் கூடாது. விழா பிள்ளையைக் கேட்டா வருகிறது? நாட்காட்டி பார்த்து வருகிறது. பிள்ளை ஒன்றும் செய்யாவிட்டாலும் வந்துவிட்டுப் போய்விடும்.

இப்போது எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. ஒரு செருப்பைக் காணோம். அவ்வளவுதான். பிள்ளை தேடுகிறது. செருப்புகள் வாசலுக்கு வெளியே கிடக்கின்றனவா, உள்ளே அடுக்கில் இருக்கின்றனவா என்று முதல் படத்திலேயே தெரிந்துவிடும். கட்டில் உண்டா, பாய் உண்டா, அதற்கடியில் தேட முடியுமா? அடுப்பு நிற்கும் உயரத்தில் இருக்கிறதா, தரையிலா? தாத்தா உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டிப் போகலாமா, சுற்றிக்கொண்டு போக வேண்டுமா? பக்கத்து வீட்டுக்குள் கூப்பிடாமல் நுழைய முடியுமா, கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டுமா? 12 இரட்டைப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் ஒழுங்கு முழுவதும் வந்துவிட்டது. ஒரு வரி விளக்கம் எழுதவில்லை. ஒவ்வொரு பக்கமும் 'செருப்பு எங்கே' என்ற கேள்வியில் புரள்கிறது.

"அன்றாடம் எங்கே பார்த்தாலும் ஒன்றுபோலத்தானே இருக்கும், வேறுபாடு விழாவில்தானே தெரியும்" என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு 2010-இல் வந்த ஒரு புத்தகமே பதில் சொல்லும். ஆஸ்திரேலிய ஓவியர் ஜீனி பேக்கர் உருவாக்கிய 'மிரர்'. சிட்னியில் ஒரு குடும்பம், மொராக்கோவில் ஒரு குடும்பம்; இரண்டுக்கும் ஒரே மாதிரியான ஒரு நாள். கதை முழுவதையும் படங்களே சொல்கின்றன. ஒரே அட்டைக்குள் இரண்டு புத்தகம்: ஒன்றை இடமிருந்து வலமாகவும் மற்றொன்றை அரபு வாசிப்பு முறைப்படி வலமிருந்து இடமாகவும் புரட்ட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துச் சேர்த்துப் பார்க்கலாம். மொராக்கோக் குடும்பம் தன் கம்பளத்தை விற்கச் சந்தைக்குப் போகிறது; சிட்னிக் குடும்பம் கடையில் ஒரு கம்பளம் வாங்குகிறது. விழா எங்கே இருக்கிறது? ஆனால் எது ஒன்று, எது வேறு என்பதைப் பிள்ளை விரல் வைத்துக் காட்டும்.

வண்ண வாதத்துக்கு வருகிறேன். 1962-இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்து வந்தது 'தி ஸ்னோயி டே'. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் காலையில் எழுந்து பார்க்கிறான்; வெளியே பனி. போகிறான், கால்தடம் பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், பனி உருண்டை ஒன்றைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி வீட்டுக்கு வருகிறான். குளித்துவிட்டு வந்து கையை விட்டால் உருண்டையைக் காணோம். கொண்டாட்டம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை, நடுவில் சிவப்பு உடுப்பில் ஒரு பையன். 1963-இல் சிறந்த படப் புத்தக ஓவியத்துக்கு அமெரிக்காவில் தரும் கால்டெகாட் பதக்கம் அதற்குத்தான். வண்ணம் போதாது என்று யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை நடுவர் அவர்களே!

அது எந்தக் காலம் என்பதையும் பார்க்க வேண்டும். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,200-க்கு மேற்பட்ட சிறுவர் நூல்களை அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக் கணக்கெடுத்தார். ஒரு கறுப்பின மனிதராவது இடம்பெற்றவை 6.7 சதவீதம். 1965-இல் இந்தக் கணக்கை வெளியிட்ட அதே கட்டுரையில் அவர் பீட்டரின் அம்மாவையும் விடவில்லை. பருத்த உருவமாக, பகட்டான மஞ்சள் கட்டம் போட்ட உடையில் வரைந்துவிட்டார்கள் என்று குத்திக்காட்டினார். ஆக, அன்றாடத்தைச் சொன்னால் எல்லாமே சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. 'இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்' என்ற பழைய வார்ப்பு ஒன்று ஓவியரின் கண்ணில் இருந்தால் அது சமையலறைக்குள்ளும் வரும். ஆனால் சமையலறையில் வந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். திருவிழாக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

எப்படி ஒளிகிறது என்று அச்சகத்தில் போய்ப் பார்க்கலாம். விழாப் புத்தகத்தில் ஒரு இரட்டைப் பக்கத்தில் நாற்பது முகம். நாற்பதுக்கும் ஓவியர் தனித்தனி நிறம் கலப்பாரா? ஒரே பழுப்பை ஊற்றிவிடுவார். கணினியில் ஒரு சொடுக்கு. அந்தப் பழுப்பில் கறுப்பு மை கூடினால் தோல் சாம்பல் பூத்துவிடும். சியான் என்ற நீல மை கூடினால் பச்சை தட்டும். பூச்சில்லாத தாள் என்றால் மையை உறிஞ்சிப் புள்ளிகள் பரவும். கண், மூக்கு, உதட்டுக் கோடெல்லாம் மூழ்கிப்போகும். வெளிர்நிற முகத்துக்கு இந்த ஆபத்து குறைவு. அதனால்தான் கவனியாமல் அச்சான புத்தகத்தில் சில பிள்ளைகளுக்கு மட்டும் முகம் இருக்கிறது, சிலருக்கு நிழல்தான் இருக்கிறது. தீர்வு தெரியாததல்ல. புத்தகம் எந்தத் தாளில் வரப்போகிறதோ அதே தாளில் புரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுக்க வேண்டும். சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளும் ஒவ்வொன்றும் 100 சதவீதம் வரை போகலாம்; அடர்ந்த இடங்களில் அவற்றின் கூட்டைச் சுமார் 280 சதவீதத்துக்குள் கட்டிப்போட வேண்டும். கண்ணின் வெள்ளையையும் நெற்றி ஒளியையும் ஓவியர் கொஞ்சம் தூக்கலாகவே விட வேண்டும். ஒரே குடும்பத்தில் அம்மாவின் நிறம் வேறு, அத்தையின் நிறம் வேறு என்று கலக்க வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் இது நடக்கும். நாற்பது பேர் ஊர்வலத்தில் யாருக்கு நேரம்?

இன்னொன்று. பாத்திரம் புரட்டும் திசையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதற்காக லேஅவுட்டில் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். கிமோனோ உடுத்தியவரின் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் கிமோனோவை இடப்பக்க மடிப்பு வலப்பக்க மடிப்பின் மேல் வரும்படிதான் உடுத்துவார்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. டிசைனர் ஒரு பொத்தானைத் தட்டினார். சிரித்துக்கொண்டு நடந்து வரும் பாட்டிக்கு ஈமக்கோலம் ஆகிவிட்டது! விழாக் கூட்டத்தில் இருபது பாட்டிகளில் ஒருத்தி என்றால் சரிபார்ப்பவர் கண்ணுக்குத் தப்பும். பாட்டியோடு ஒரு நாள் என்ற கதையில் அவள் எல்லாப் பக்கத்திலும் வருகிறாள். ஒரு பக்கத்தில் மட்டும் மடிப்பு மாறினால் காட்டிக்கொடுத்துவிடும்.

சரிபார்ப்பு என்றதும் பலர் கடைசியில் ஒருவரிடம் பிடிஎஃப் அனுப்பி 'ஓகேவா' என்று கேட்கிறார்கள். அது சடங்கு. கைப்பிரதியில் ஒரு முறை, பக்கம் பக்கமாகப் பென்சிலில் வரைந்த மாதிரிப் புத்தகமான டம்மியில் ஒரு முறை, வண்ணம் ஏறியபின் ஒரு முறை என்று மூன்று கட்டம் வேண்டும். பென்சிலில் பிழை கண்டால் ரப்பர் போதும். வண்ணத்தில் கண்டால் வாரக்கணக்கில் வேலை. அச்சானபின் கண்டால் ஸ்டிக்கர் ஒட்டலாம், இல்லையென்றால் எடைக்குப் போடலாம். பார்ப்பவர் இருவராவது இருக்க வேண்டும், இரண்டு தலைமுறையாக இருந்தால் நல்லது. ஒருவரே ஒரு பண்பாடு ஆகிவிட முடியாது. ஓவியர் அந்த வீடுகளிலிருந்து கேட்டு வாங்க வேண்டிய படங்களும் வேறு: வாசல், அடுப்படி, தண்ணீர் வைக்கும் இடம், படுக்கும் இடம், சுவர், சன்னலுக்கு வெளியே தெரிவது. எல்லாம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் எடுத்தவை, அதாவது நான்கு வயதுப் பிள்ளையின் கண்மட்டம். திருவிழாப் படம் இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. பெரும்பாலும் வெளியிலிருந்து போனவர் கேமராவில் எடுத்தது. அதைப் பார்த்து வரைந்தால் அவர் நின்ற இடத்திலேயேதான் நம் பிள்ளையும் நிற்கும்.

மொழி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழாப் புத்தகம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சொற்பொருள் பட்டியலோடு வரும். பாதிக் கதையில் நிறுத்தி, கடைசிப் பக்கம் போய்ப் பொருள் பார்த்துவிட்டுத் திரும்பினால் மடியில் இருந்த பிள்ளை இறங்கி ஓடியிருக்கும். அன்றாடப் பொருளின் பெயருக்குப் பட்டியல் தேவையில்லை. பாட்டி அதைக் கையில் வைத்திருக்கிறாள், பெயர் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது வாதம், ஆசிரியரின் வசதி. வசதிதான், மறுக்கவில்லை. விழா வாரத்தில் அலமாரியிலிருந்து இறங்கும், வாரம் முடிந்தால் ஏறிவிடும். அந்தப் பண்பாட்டுப் பிள்ளை வகுப்பில் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறது; புத்தகத்தில் அதற்கு ஒரு வாரம்தான் இடம். 1989-இலேயே அமெரிக்க மழலைக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் இதற்குச் 'சுற்றுலாப் பாடத்திட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்: போனோம், பார்த்தோம், தின்றோம், திரும்பினோம். அடுத்த ஆண்டு, 1990-இல், சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப், புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். தன்னைப் பார்க்கக் கண்ணாடி, பிறரைப் பார்க்கச் சன்னல். எதிரணி தருவது ஆண்டுக்கு ஒரு முறை திறக்கும் சன்னல்.

ஒன்றை மனதார ஒப்புக்கொள்கிறோம். தன் விழாவை முதன்முதலாக அச்சில் பார்க்கும் பிள்ளையின் மகிழ்ச்சி பெரிது, அதைக் குறைத்துப் பேச மாட்டோம். எங்கள் கவலை அதற்கு அடுத்தது. ஒரு சமூகத்தைப் பற்றி விழாப் புத்தகம் ஒன்று வந்ததும், 'அவர்களுக்கு ஒன்று போட்டாயிற்று' என்று பதிப்பகப் பட்டியலில் டிக் அடித்துவிடுகிறார்கள். முதல் புத்தகமே கடைசிப் புத்தகம் ஆகிவிடுகிறது. விழா வரட்டும், செருப்பைத் தேடும் பிள்ளையின் கதையில் தெருமுனையில் தோரணம் கட்டுகிறவராக, ஒரு பக்கத்தின் மூலையில் வரட்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேலை வைத்துவிட்டு அமர்கிறேன். உங்கள் கையில் இருக்கும் விழாப் புத்தகத்தில், விழா முடிந்த மறுநாள் காலை அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? விரித்துக் காட்டுங்கள். அப்படி ஒரு பக்கம் இருந்தால், அதை மட்டும் எங்கள் அணிக்குக் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.