உரலும் இருபது சோள மணிகளும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பெல்லமி வீதிக்கும் லோறன்ஸ் அவெனியூவுக்கும் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவே, புல் மூடிய மேடு ஒன்று இருக்கிறது. டேபர் ஹில் என்பார்கள். நம்மவர்கள் எத்தனையோ பேர் தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறோம். 1956இல் அங்கே மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஐந்நூறு பேருக்கும் மேல் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. அவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான வெண்டாட் மக்களின் முன்னோர்கள்.

நான் விசேட கல்வி வகுப்பொன்றில் படிப்பிக்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், பெருமூளை வாதத்தால் பேச்சும் நடையும் கடினமானவர்கள் என்று பத்துப் பேர். ஒன்ராறியோவில் ஐந்தாம் வகுப்புச் சமூகக் கல்வியில் வெண்டாட் மக்களின் வரலாறு வருகிறது. முதல் வருடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? வர்ணம் தீட்டும் தாள் ஒன்றைக் கொடுத்தேன். இறகு செருகிய காகித மகுடம் செய்ய வைத்தேன். "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்" என்று நினைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கும் அது அநியாயம், வெண்டாட் மக்களுக்கும் அநியாயம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் சுடுகிறது.

வெண்டாட் மக்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ரொறன்ரோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரிக்கும் ஜோர்ஜியன் குடாவுக்கும் இடைப்பட்ட நிலம்தான் அவர்களுடைய வெண்டாக்கே. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஹ்யூரன். அதில் முரடர் என்ற தொனி உண்டு. அதனால் வகுப்பில் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரைத்தான் பழக்குகிறேன். சோளம், போஞ்சி, பூசணி மூன்றையும் சேர்த்து நட்டார்கள். போஞ்சிக் கொடி சோளத் தண்டைப் பிடித்து ஏறும், பூசணி இலை நிலத்தை மூடி ஈரம் காக்கும். குலம் தாய்வழி. கலியாணம் முடித்த ஆண் பெரும்பாலும் மனைவியின் வீட்டுக்குப் போவான். தாய்வழிக் குடிமுறையோடு வளர்ந்த மட்டக்களப்பு நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இதையெல்லாம் வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் ஒட்டு நாடா ஒட்டினோம். ஆறு மீற்றர் அகலம், இருபத்தைந்து மீற்றர் நீளம். வெண்டாட் குடும்பங்கள் பல சேர்ந்து வாழ்ந்த நீள்வீடு ஒன்று கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும். அதைவிட நீளமானவையும் உண்டு. நடுவே அடுப்புகளுக்குச் சிவப்பு வட்டங்கள் வரைந்தோம். ஓர் அடுப்புக்கு இரண்டு குடும்பம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிள்ளைகள் பாயைப் போட்டுத் தங்கள் இடத்தில் படுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பையன் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போய்ப் போய்த் திரும்பினான். எத்தனை குடும்பம் என்று கேட்டபோது அடுப்பு அடுப்பாக நின்று விரல் விட்டு எண்ணினான்.

அப்புறம் உரல். வெண்டாட் பெண்கள் குடைந்த மரக்குற்றியில் நீண்ட உலக்கையால் சோளம் இடித்தார்கள். நான் வீட்டிலிருந்து உரலும் உலக்கையும் கொண்டு போனேன். ஊர் உரல்தான், வெண்டாட் உரல் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டாத ஒரு பையன் இருபது நிமிடம் இடித்தான். ஒவ்வொரு இடிக்கும் தரை அதிர்ந்தது. சத்தம் தாங்காத இரண்டு பேர் காதுக்குக் கவசம் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்து அதிர்வை மட்டும் கேட்டார்கள். இடித்த மாவில் கஞ்சி காய்ச்சினோம். வெண்டாட் மக்கள் அதில் மீனும் போடுவார்கள். நம்முடைய கூழ் மாதிரி என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

துயரத்தைச் சொல்லாமல் விடலாமா? பலர் விடச் சொன்னார்கள், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றார்கள். நான் விடவில்லை. ஒரு தட்டில் இருபது சோள மணிகளை வைத்தேன். ஒரு மணி ஆயிரம் பேர். 1634இலிருந்து 1640 வரை ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் அலையலையாக வந்தன, கடைசியில் பெரியம்மை. பத்து மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் மூடினேன். 1649இல் போர் வந்தது, ஊர்கள் எரிந்தன, மக்கள் சிதறினார்கள். அடுத்த மணியை எடுக்கக் கை நீட்டியபோது, பேச்சு வராத ஒரு சிறுமி மிச்ச மணிகளின் மேல் தன் கையை வைத்துப் பொத்திக்கொண்டாள். நான் கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு வரைபடத்தை விரித்தேன். அவள் பொத்தியிருந்த மணிகளில் சிலவற்றை அவளே கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கே இன்றும் வெண்டாக்கே என்ற அதே பெயருள்ள ஊரில் அவர்கள் வாழ்கிறார்கள். சிலவற்றை ஒக்லஹோமாவில் வைத்தாள். அங்கே இருப்பவர்களின் பெயர் வயண்டொட்.

சில விசயங்களை நாங்கள் செய்வதில்லை. முகமூடி செய்வதில்லை, அவர்களுடைய சடங்குகளை நடித்துக் காட்டுவதில்லை. அவை அவர்களுக்குப் புனிதமானவை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஐஈபி என்கிற தனிநபர் கல்வித் திட்டத்தில் கையெழுத்துப் போட உங்களைக் கூப்பிடுவார்கள். வாசிப்பும் கணக்கும் பற்றித்தான் அதிகம் கதைப்பார்கள். "சமூகக் கல்வியை என் பிள்ளைக்கு எப்படிப் படிப்பிக்கப் போகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். இந்த மண்ணின் கதை உங்கள் பிள்ளைக்கும் உரியது.

கடைசியாக ஒன்று. வெண்டாட் மொழியைப் பேச ஆளில்லாமல் நெடுங்காலம் போயிற்று. 2007இல் வெண்டாக்கே மக்களும் லவால் பல்கலைக்கழகமும் சேர்ந்து யவெந்தா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். யவெந்தா என்றால் குரல். பழைய பாதிரிமார் எழுதி வைத்த அகராதிகளையும் இலக்கணங்களையும் கொண்டே மொழியை மீட்டு, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். அந்தப் பழைய மொழியில் ப, ம போன்ற உதடு ஒட்டும் ஒலிகள் இல்லை. உதடு ஒட்டாமல் தமிழ்ப் புலவர்கள் முயன்று பாடிய நிரோட்டகம் அவர்களுக்கு அன்றாடப் பேச்சு.

சக்கர நாற்காலிப் பையனைப் பற்றிச் சொன்னேனே, அவனுக்கு உதடுகள் சேராது. "அம்மா" என்று சொல்லப் பல வருடமாகப் பயிற்சி எடுக்கிறான். வெண்டாக்கேயில் ஒருவரைக் கண்டால் "க்வே" என்பார்கள், நாம் வணக்கம் சொல்வது போல. அதை அவன் இரண்டாம் நாளே சொல்லிவிட்டான். இப்போது காலையில் பேருந்திலிருந்து இறங்கும்போது சாரதிக்கு ஒரு க்வே, வாசலில் நிற்கும் அதிபருக்கு ஒரு க்வே, எனக்கு ஒரு க்வே.

நன்றி, வணக்கம்.