பொந்து உள்ள மரத்தை வெட்டாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற ஊராட்சித் தலைவர் அம்மா அவங்களுக்கும், எவ்வளவோ வேலைக்கு நடுவுல வந்திருக்கிற வனச்சரகர் சாருக்கும், லீவு நாள்லயும் ஸ்கூல் ஹாலைத் திறந்து விட்ட தலைமை ஆசிரியர் அய்யாவுக்கும், விவசாய சங்கத்துப் பெரியவங்களுக்கும், மைக் செட்டுக்குக் காசே வேணாம்னு சொல்லிட்ட தம்பிக்கும் என் நன்றி. தலைவர் அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏரியில சீமைக்கருவேலம் எடுக்க ஜேசிபி வந்தப்ப கரையில இருக்கிற பனைமரத்துல ஒண்ணுகூட சாயக்கூடாதுன்னு வெயில்ல நின்னு பார்த்துக்கிட்டவங்க அவங்க. கை தட்டலாம்.

மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். ஆந்தை கணக்கெடுப்பு எப்படி நடக்குது, வயல்ல எலித் தொல்லைக்கும் ஆந்தைக்கும் என்ன சம்பந்தம், ஆந்தை அலறினா சாவு விழும்ங்கிற பயம்.

‘பகல்ல பக்கம் பார்த்துப் பேசு, ராத்திரியில அதுவும் பேசாதே’ன்னு பெரியவங்க சொல்லி வச்சாங்க இல்ல, வாலண்டியரா வர்ற பசங்களுக்கு நாங்க சொல்ற முதல் ரூல் அதுதான். ராத்திரி கணக்கெடுக்க நிறுத்துற ஒவ்வொரு ஸ்டாப்லயும் வண்டியை ஆஃப் பண்ணிட்டு அசையாம நிக்கணும், காதுல விழுற சத்தம் எந்தப் பக்கம், கிட்டயா தூரமா, நிலா இருக்கா, காத்து அடிக்குதா எல்லாம் எழுதணும். டார்ச்சுல சிவப்பு கண்ணாடி பேப்பர் சுத்தியிருக்கணும். போன்ல ஆந்தைக் குரலைப் போட்டு கூப்பிடவே கூடாது, ஏன்னா வேற ஆந்தை நம்ம எல்லைக்குள்ள வந்துடுச்சுன்னு நினைச்சு அது இரை தேடறதை, குஞ்சைப் பார்த்துக்கறதை எல்லாம் விட்டுட்டு சண்டைக்குக் கிளம்பிடும். புள்ளி ஆந்தை ஜோடியா கிறீச் கிறீச்சுன்னு கத்தும், கூகைன்னு ஒரு ஆந்தை, அது பழைய வேட்டியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும், பாறைப் பக்கம் போனா கொம்பன் ஆந்தை அடித்தொண்டையில ‘பூ...ஊ’ன்னு கூப்பிடறது ரொம்ப தூரம் கேக்கும். வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் இபேர்ட்ல, அதாவது பறவைக் கணக்கைப் பதிவு பண்ற வெப்சைட்ல, ஏத்திடுவோம்.

போன மாசம் நடந்ததைச் சொல்றேன். வந்தவாசி ரோட்டுல ஒரு பழைய புளியமரம், நாங்க நாலு பேர், லைட் இல்ல, பேச்சு இல்ல. எதிர் வீட்டுத் திண்ணையில படுத்திருந்த ஆயா எழுந்து பார்த்துட்டு, ஆடு திருட வந்தவனுங்கன்னு முடிவு பண்ணிடுச்சு. கையில தடி. “எவன்டா அது, இந்த நேரத்துல என்னடா வேலை?”ன்னு சத்தம், தெருவே எழுந்துடுச்சு, ஒருத்தர் மண்வெட்டியோட வந்தார். ஆந்தை எண்ணுறோம் ஆயான்னு எங்க தம்பி ஒருத்தன் சொன்னான் பாருங்க, “ஆட்டை எண்ணுவான், மாட்டை எண்ணுவான், ஆந்தையை எவன்டா எண்ணுவான்?”னு ஆயா கேக்குது, ஊரே சிரிக்குது. அப்புறம் நோட்டைக் காமிச்சோம், சிவப்பு டார்ச்சைக் காமிச்சோம். ஆயா தடியை சாத்திட்டு, “அதைச் சொல்றதுக்கு என்ன, அந்தா மேல கவட்டையில பொந்து, எங்க மாமியார் காலத்துலேர்ந்து கூகை அதுலதான் இருக்குது”ன்னுச்சு. ராத்திரியில பேசாதேன்னு பெரியவங்க சொன்னது சரிதான், ஆனா அன்னிக்கு ஆயா பேசலைன்னா எங்களுக்கு அந்தப் பொந்தே தெரிஞ்சிருக்காது!

மரத்தடியில கட்டை விரல் தடிமன்ல சாம்பல் கலர் உருண்டைங்க கெடந்துச்சு. கூகை எலியை முழுசா முழுங்கிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கக்கிடும். ஒண்ணை எடுத்து தண்ணியில ஊறப் போட்டுப் பிரிச்சா எலி மண்டையோடு, மஞ்சப் பல்லோட அப்படியே இருக்கு. எலி மருந்துக்கு செலவு பண்ற விவசாயிங்க இதை ஒரு தடவை கண்ணால பார்க்கணும், எலியைப் பத்தி அதுக்கு மேல நான் பேச வேண்டியதில்ல.

அதே மரத்துல, சுண்ணாம்பு அடிச்ச பட்டைக்கு மேல, பெயின்ட்ல ஒரு நம்பர். ரோடு அகலப்படுத்தப் போறாங்க. நான் இங்க வந்ததே இதுக்குத்தான். கூகை கூடு கட்டாது, புள்ளி ஆந்தையும் கட்டாது, இருக்கிற பொந்துலதான் முட்டை போடும். அந்த மாதிரி பொந்து விழ மரத்துக்குப் பல வருஷம் ஆகும். ஒண்ணு வெட்டினா பத்து நடுவோம்ங்கறாங்க, நடுங்க, வேணாங்கல, ஆனா இந்த வருஷம் கூகை எங்க முட்டை போடும்? நற்றிணை 83ஆம் பாட்டுல தோழி, ஊர் நீர்த்துறையில இருக்கிற கடவுள் முதுமரத்துக் கூகையைக் கூப்பிட்டு, உனக்கு சுட்ட எலிக்கறியும் நெய்ச்சோறும் தர்றோம், காதலர் வர்ற நேரத்துல அலறாதேன்னு கெஞ்சறா. அப்பவே அது கிழட்டு மரத்துலதான் இருந்திருக்கு.

பொது இடத்து மரத்தை வெட்டணும்னா கலெக்டர் தலைமையில இருக்கிற மாவட்ட பசுமைக் குழுகிட்ட அனுமதி வாங்கணும். பொந்து உள்ள மரம் எதெதுன்னு லிஸ்ட் இல்லைன்னா அந்தக் குழுவுக்கு எப்படித் தெரியும்? அதனால ஜனவரி 26 கிராம சபையில, ஊர் எல்லைக்குள்ள இருக்கிற பழைய மரங்களைக் கணக்கெடுத்து குழுவுக்கு அனுப்பணும்னு ஒரு தீர்மானம் போடணும், தலைவர் அம்மாகிட்ட எல்லார் முன்னாடியும் கேக்கறேன். பகல்ல பக்கம் பார்த்துப் பேசுன்னாங்க, நான் பக்கத்துல அதிகாரிங்களை வச்சுக்கிட்டே பேசறேன், இது ஒளிச்சுப் பேசற விஷயம் இல்ல.

மணி அடிச்சுட்டாங்க, அபசகுனம் பத்தி இன்னொரு மேடையில பேசறேன். மரக் கணக்கெடுப்புக்கு வர்றவங்க வாசல்ல இருக்கிற நோட்டுல பேர் எழுதிட்டுப் போங்க. நன்றி, வணக்கம்.