வானம்பாடி நம்ம பக்கம் இல்லையா?

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, ரெண்டு மாசமா காலையில வயல்ல போய் நிக்கேன். கொக்கு, மீன்கொத்தி எல்லாம் இருக்கு. வானம்பாடி மட்டும் இல்ல. நம்ம பக்கம் கிடையாதா?"

படித்ததும் சிரித்துவிட்டேன். அவர் நிற்பது கார், பிசானம் என்று ரெண்டு நெல் போகத்துக்கும் மாறி மாறித் தண்ணீர் கட்டுகிற நஞ்சையில்! தரையில் கூடு வைக்கிற குருவிக்கு அங்கே என்ன வேலை?

எப்போதும் சொல்வதுதான், பழைய ஆட்களுக்குச் சலித்திருக்கும்: முதலில் மண்ணைப் பாருங்கள், அப்புறம் பறவை. நாங்குநேரி, ராதாபுரம், மானூர்ப் பக்கம் போங்கள். மானாவாரிப் புஞ்சை, அறுத்துப் போட்ட தரிசு, ஆடு மேய்ந்து மொட்டையான செவல். அங்கே இருப்பது சாம்பல் தலை வானம்பாடி. ஆணுக்கு வயிறெல்லாம் கறுப்பு, பெண் மண் நிறம். மரத்திலும் செடியிலும் உட்காராது. கிட்டத்தில் போகிறவரை மண்கட்டியோடு மண்கட்டியாகப் படுத்திருக்கும். இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் வரை சமவெளிகளில் உண்டு. காட்டிலும் ஈரத்திலும் இல்லை. 1786-ல் ஸ்கோப்போலி என்கிற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்ததே நம் செஞ்சியில் கிடைத்த பறவையை வைத்துத்தான்.

உடைமரத்து உச்சியிலிருந்து எழும்பிப் பாடி, இறக்கையை விரித்து இறங்கினால் அது ஜெர்டன் வானம்பாடி. வற்றின குளத்துப் புல்லுக்கு மேலே அந்தரத்தில் நின்று பாடுவது சின்ன வானம்பாடி. பார்த்தீர்களா, மண் மாறினால் பறவை மாறுகிறது.

ஒரு தடவை பூநாரை பார்க்கக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிற வழியில் டயர் பஞ்சர். எல்லாருக்கும் எரிச்சல். பக்கத்துப் புஞ்சையிலிருந்து சாம்பல் தலை வானம்பாடி ஒன்று மேலே ஏறிற்று. சீழ்க்கையடித்துக்கொண்டு தலைகுப்புற விழுந்தது, பாதியில் நிமிர்ந்தது, மறுபடி விழுந்தது. படிக்கட்டில் உருண்ட மாதிரி! பஞ்சர் ஒட்டி முடித்தும் ஒருவரும் வண்டியில் ஏறவில்லை.

சரி தம்பி, நீங்கள் இதைக் கேட்டிருக்கலாம்: 'சும்மா கிடக்கிற தரிசு' என்கிறோமே, அது சும்மாவா கிடக்கிறது? ஓர் ஊரில் மரக்கன்று நடக் கூப்பிட்டார்கள். குழி வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், மாட்டுக் குளம்பு பதிந்த அளவு பள்ளம். ஓரத்தில் பொடிக்கல், உள்ளே ரெண்டு முட்டை. கன்றுகளை வாய்க்கால் கரையில் வையுங்கள் என்றேன். "வெறும் பொட்டல்தான ஐயா" என்றார்கள். அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி நட்டார்கள். மூன்றாம் வருஷம் போனேன். வேம்பு நன்றாகத் தழைத்திருந்தது. நிழலில் ரெண்டு மைனா நடந்துகொண்டிருந்தன.