மழையை மரத்தில் செதுக்கியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரு மழைப் படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இன்று டோக்கியோ என்று நாம் சொல்லும் எடோ நகரத்தில், 1857-இல் மரப்பலகையில் செதுக்கி அச்சான படம். வரைந்தவர் ஹிரோஷிகே. எடோவின் புகழ்பெற்ற இடங்களை அவர் வரைந்த நீண்ட வரிசையில் இது ஒன்று. வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் மனதில் வரைந்துகொள்ளுங்கள்.

சுமிதா ஆற்றின் குறுக்கே ஷின் ஓஹாஷி என்ற மரப்பாலம். கோடை மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. பாலத்தில் போகிறவர்கள் குடைக்குள் ஒண்டியும் உடம்பைக் குறுக்கியும் விரைகிறார்கள். கீழே ஒருவர் மட்டும் கட்டுமரத் தெப்பத்தைக் கழியால் தள்ளிக்கொண்டு தன் போக்கில் போகிறார். எதிர்க்கரை வெறும் சாம்பல் நிழல். அந்தக் கரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால், பார்க்கிற நமக்கே கால் தடுமாறுகிறது.

இத்தனைக்கும் மேலாக மழை. மேலிருந்து கீழ்வரை மயிரிழை போன்ற கருங்கோடுகள். இந்தக் கோடுகளுக்காகத்தான் இந்தப் படத்தை நான் உயர்வாகச் சொல்கிறேன்.

ஓவியர் தாளில் வரைந்து கொடுப்பார். அதைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் செதுக்குபவர் வெட்டி எடுப்பார். தூரிகைக்கு ஒரு மழைக்கோடு ஒரே இழுப்பு. உளிக்கு அப்படியில்லை. கோட்டின் இரு பக்கமும் மரத்தைச் சீவி, நடுவில் மெல்லிய வரப்பு ஒன்றை நிறுத்த வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் வரப்பு உடைந்துபோகும். இப்படி ஒரு பலகையல்ல, மழைக்கென்றே இரண்டு பலகைகள். இரண்டிலும் கோடுகளின் சாய்வு சற்றே வேறு. ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போது கோடுகள் குறுக்கிட்டு, காற்றில் அலையும் மழையாகிவிடுகின்றன.

உச்சியில் இருக்கும் கருமேகம் அச்சிடுபவரின் கைவண்ணம். ஈரப் பலகையில் மையை அடர்த்தியிலிருந்து மெல்ல மெல்ல வெளுக்கும்படி தேய்த்து, தாளைப் பரப்பி, மூங்கில் உறை சுற்றிய வட்டத் தட்டால் கையாலேயே அழுத்தி எடுப்பார். ஒவ்வொரு தாளுக்கும் மையைப் புதிதாகத் தேய்க்க வேண்டும். அதனால் எந்த இரண்டு படத்திலும் மேகம் ஒன்றுபோல் இருக்காது.

1887-இல் பாரிஸில் இருந்த டச்சு ஓவியர் வான்கோ இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அழகான படம்தான். ஆனால் அவருடைய மழை கெட்டிச் சாயமாக மேலே படிந்து நிற்கிறது. ஹிரோஷிகேயின் மழைக்கு எடையே இல்லை. என் மனம் இதன் பக்கம்தான்.

பல அருங்காட்சியகங்கள் இந்தப் படத்தின் தங்கள் பிரதிகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேகத்தின் விளிம்பை முதலில் ஒப்பிடுங்கள். பிறகு எதிர்க்கரை ஓரத்தைக் கவனியுங்கள். சில பிரதிகளில் அங்கே படகுகள் தெரியும், சிலவற்றில் இருக்காது.

நன்றி, வணக்கம்.