89 வெள்ளி கார்டும் புது கன்சோலும்: இன்னும் அசத்துகிறதா?

வாங்க மக்களே. இன்றைக்கு எனக்குப் பின்னால் பொங்கோல் நீர்வழி தெரியாது. வெளியே நல்ல மழை, சன்னலைச் சாத்திவிட்டேன். மின்விசிறிச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏர்கான் போட்டால் மைக்கில் அதைவிடப் பெரிதாகக் கேட்கிறது, போன மாதக் காணொளியில் நீங்களே பார்த்தீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கையில் இருப்பது என்ன? மைக்ரோ எஸ்டி கார்டு, 400 ஜிபி. என்னோடு ரொம்ப நாளாக இருப்பவர்களுக்கு இதைத் தெரியும். விலை இறங்கட்டும், இறங்கட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்து நின்டெண்டோவின் பழைய ஸ்விட்ச் கேம் கன்சோலுக்காக வாங்கிய கார்டு. போன சனிக்கிழமை ஸ்விட்ச் 2 வாங்கினேன். வாங்கும்போது கடையில் இருந்தவரிடம் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டேன், "அண்ணே, என்கிட்டே இருக்கிற பழைய கார்டு இதில் வேலை செய்யுமா?" என்று. "செய்யும்மா, எல்லாம் ஒரே சைஸ்தானே" என்றார். சைஸ் ஒன்றுதான். அதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்கு வந்து செருகினால் அழகாக உள்ளே போய் உட்கார்ந்தது. ஆனால் கேம் எதையும் அதில் போட விடமாட்டேன் என்கிறது! பழைய கார்டில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கேம் வைக்க வேண்டுமென்றால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்று ஒரு புது ரகம், அது மட்டும்தான்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அன்றைக்கே மறுபடி வடகிழக்கு ரயில் ஏறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, நாலு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் 115 வெள்ளி. இரண்டாவது கடையில் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். மூன்றாவது கடையில் 98, கேட்டுக்கொண்டு நிற்கும்போதே 95-க்கு இறங்கினார், நான் அசையவில்லை. நாலாவது கடையில் 89 வெள்ளி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து. எத்தனை ஜிபி என்று சொல்லவில்லையே, 256. என் பழைய கார்டைவிடச் சின்னது! பிரியாணி ஒரு தட்டு 8 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் பதினொரு தட்டு பிரியாணிக் காசு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கார்டுக்கு. எம்ஆர்டியில் வரும்போது பொங்கோல் வரைக்கும் அந்த ரசீதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ராத்திரி உட்கார்ந்து ஏன் இப்படி என்று படித்த பிறகு கோபம் பாதி இறங்கியது. பழைய ஸ்விட்சுக்கு நாம் போட்ட கார்டெல்லாம் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 104 எம்பி வரைக்கும்தான் தகவல் தள்ளும். இந்த எக்ஸ்பிரஸ் கார்டு, கணினியில் இருக்கிற எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான சேமிப்பகம், போகிற அதே பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் போகிறது. அதன் உச்சவரம்பு 985 எம்பி. கிட்டத்தட்ட ஒன்பதரை மடங்கு! நான் திட்டிக்கொண்டே வாங்கிய அந்தக் கார்டுதான் இந்தத் தலைமுறையின் உண்மையான புதுமை என்று அப்போதுதான் உறைத்தது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். புது கன்சோல் வந்தால் இப்போதும் நமக்கு வாய் பிளக்கிறதா? எனக்குப் படத்தைப் பார்த்து வாய் பிளந்து ரொம்ப நாளாகிவிட்டது. காத்திருக்கும் நேரம் காணாமல் போகும்போதுதான் பிளக்கிறது.

முதலில் பழைய கதை. நாங்கள் ஆங் மோ கியோவில் இருந்தபோது மாமா சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். நான் தொடக்கப்பள்ளி. அதில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், சாலை நெளியும். வளைவில் திரும்பும்போது தரையில் இருக்கும் கோடெல்லாம் பாம்பு மாதிரி வளைந்து, திடீரென்று நேராகும். டிவி கெட்டுப்போய்விட்டது என்று அப்பா பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவார். டிவியில் ஒன்றுமில்லை. கன்சோல் எல்லாவற்றையும் முக்கோணம் முக்கோணமாகத்தான் வரையும், அதன் மேல் படத்தை ஒட்டும். ஒட்டும்போது இந்த முனை கிட்டே, அந்த முனை எட்டே என்ற கணக்கை அந்த முதல் பிளேஸ்டேஷன் பார்க்காது. மூலைகளின் இடத்தையும் முழு எண்ணாக வெட்டிவிடும். அதனால்தான் நெளிவு, நடுக்கம் எல்லாம்.

அப்புறம் பிளேஸ்டேஷன் 2 வந்தது. கிரான் டூரிஸ்மோ 3 என்ற கார் பந்தய கேம் போட்டேன். மக்களே, தரை ஆடவில்லை! காரை ஓட்டாமல் சாலையோரம் நிறுத்திவிட்டு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு கோடாகவே இருந்தது. காரின் மேல் வானம் பளபளத்ததெல்லாம் அப்புறம்தான் கண்ணில் பட்டது. தரை அசையாமல் நிற்கிறதே என்று ஒரு பிள்ளை பூரித்துப்போன காலம் அது. இன்றைக்கு எந்தக் கன்சோலாவது எனக்கு அந்த மாதிரி ஒரு நிமிடம் கொடுக்குமா? படத்தில் கொடுக்காது. அடித்துச் சொல்கிறேன்.

ஏன் கொடுக்காது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 எம்பி. இரண்டாவதில் 32 எம்பி. மூன்றாவதில் 256-ம் 256-ம் இரண்டு பங்காக, மொத்தம் 512. நான்காவதில் 8 ஜிபி. வகுத்துப் பாருங்கள்: 16 மடங்கு, 16 மடங்கு, 16 மடங்கு. ஐந்தாவதில்? 16 ஜிபி. இரண்டே மடங்கு! ஒவ்வொரு தடவையும் நம்மைத் தூக்கிப்போட்ட அந்தப் பாய்ச்சல் அங்கே நின்றுவிட்டது. கண்ணின் மேல் குற்றமில்லை, வயதின் மேலும் குற்றமில்லை.

மூன்றாவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2006-ல் அது வந்து, நாங்கள் வாங்கியபோது வீட்டில் இருந்தது பழைய பெட்டி டிவி. வித்தியாசமே தெரியவில்லை. அப்பாவுக்கு வருத்தம், எனக்கு அழுகை. ஒன்றரை வருடம் கழித்துத் தீபாவளிக்கு எல்சிடி டிவி வாங்கினோம், அன்றைக்குத்தான் அந்தக் கன்சோலை முதல்முறை பார்த்த மாதிரி இருந்தது. நான்காவது 2013-ல் வந்தது. நல்ல கன்சோல், நிறைய விளையாடினேன், ஆனால் முதல் நாள் என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை.

ஐந்தாவதுக்கு வருகிறேன், இது அம்மா கதை. பிளேஸ்டேஷன் 4-க்குள் இருந்தது சுழலுகிற ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு கேமும் திறக்க, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக, செத்துப்போய் மறுபடி தொடங்க, எல்லாவற்றுக்கும் லோடிங். அம்மா அந்த நேரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் அடுப்பங்கரையிலிருந்து குரல் வரும், "ஏ பாப்பா, இந்தத் துணியைக் கம்பில் கோத்துக் கொடு." நான் எழுந்து போய், மூங்கில் கம்பில் இரண்டு சட்டை ஒரு கைலி கோத்து, சன்னலுக்கு வெளியே குழாயில் செருகிவிட்டு வந்தால், அப்போதுதான் கேம் வந்திருக்கும். வருடக்கணக்காக எங்கள் வீட்டுத் துணி அப்படித்தான் காய்ந்தது.

2021-ல் ஐந்தாவது எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா படத்தைப் பார்த்து, "பழசு மாதிரிதானே இருக்கு, இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். எனக்கும் பதில் இல்லை. ஒரு வாரம் போனது. ஒரு நாள் அம்மா கையில் கம்போடு ஹாலுக்கே வந்து நின்று, "என்னடி, இப்போதெல்லாம் நீ எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாய்?" என்றார். அம்மாதான் கண்டுபிடித்தார்! நான்கிலிருந்து ஐந்துக்கு என்ன மாறியது என்று நான் பார்த்த எந்த ஒப்பீட்டுக் காணொளியையும்விட அம்மா சரியாகச் சொன்னார். 2019-ல் சோனி காட்டிய ஸ்பைடர்மேன் ஒப்பீடு ஞாபகம் இருக்கிறதா? பிளேஸ்டேஷன் 4 ப்ரோவில் 8.10 விநாடி, புதியதில் 0.83 விநாடி. அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 50-லிருந்து 100 எம்பி கொடுக்கும், புது எஸ்எஸ்டி 5.5 ஜிபி கொடுக்கும். நினைவகம் இரண்டு மடங்குதான், ஆனால் தகவல் வரும் வேகம் ஐம்பது மடங்குக்கு மேல். பாய்ச்சல் செத்துப்போகவில்லை மக்களே, இடம் மாறிவிட்டது. டிவியில் அதைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

இருங்கள், ஸ்விட்ச் 2 பற்றி ஒன்று முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். பழைய டாக் இதற்கு ஆகாது. டிவியோடு இணைக்கிற அந்தத் தட்டைத்தான் சொல்கிறேன். பெட்டியிலேயே புது டாக்கும் புது எச்டிஎம்ஐ கேபிளும் வருகிறது, அந்தக் கேபிளையே போடுங்கள். நான் சோம்பல்பட்டு டிவிக்குப் பின்னால் கிடந்த பழைய கேபிளைப் போட்டு அரை மணிநேரம் 4கே ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். மாற்றியதும் வந்துவிட்டது.

சரி, என் வெற்றிக் கதை. செல்டா, பிரெத் ஆஃப் த வைல்டு. 2017-லிருந்து நான் இதை எத்தனை தடவை முடித்தேன் என்று உங்களுக்கே தெரியும். அதில் கொரோக் காடு என்று ஒரு இடம். மூடுபனி, பெரிய மரம், இலை முகம் வைத்த குட்டிக் குட்டி ஆட்கள். எனக்கு அந்தக் கேமிலேயே பிடித்த இடம், பழைய ஸ்விட்ச் திணறுகிற இடமும் அதுதான். மற்ற இடங்களில் விநாடிக்கு 30 படம் காட்டும், அங்கே போனால் அதற்கும் மூச்சு வாங்கும். நடப்பது சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கும். ஸ்விட்ச் 2 பதிப்பைப் போட்டதும் நேராக அங்கேதான் போனேன். கோட்டையும் வேண்டாம், அரக்கனும் வேண்டாம், கொரோக் காடு. வழவழவென்று ஓடியது. 60 படம். மரத்தைச் சுற்றி ஓடினேன், திரும்பி ஓடினேன், குதித்தேன், கேமராவை வேண்டுமென்றே சுழற்றினேன். எங்கேயும் தடுக்கவில்லை. எட்டு வருடமாகக் கால் இழுத்து இழுத்து நடந்த இடத்தில் அன்றைக்கு ஓடினேன். பழைய கேமில்தான் புது கன்சோலின் அருமை தெரிகிறது. அந்த இடம் எப்படி இருந்தது என்று என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது அல்லவா?

அண்ணன் மகனும் பார்த்தான், வயது ஒன்பது. அவனுக்குக் கொரோக் காடு எல்லாம் ஒன்றுமில்லை. ஜாய்கானை, அதாவது ஸ்விட்சோடு வரும் கைக்கருவியை, மேசைமேல் சாய்த்து வைத்து மவுஸ் மாதிரி தள்ளலாம் என்று தெரிந்ததும் கத்தினான் பாருங்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்துவிட்டார்.

பிடிக்காதது இரண்டு. ஒன்று, டிஸ்க் போகிற போக்கு. 2024-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஸ்விட்ச் 2-இல் சில கேம்களுக்கு கேம் கீ கார்டு என்று ஒன்று, அட்டையைச் செருகினாலும் முழு கேம் உள்ளே இருக்காது, இறக்கிக்கொள்ள வேண்டும். நான் வளர்ந்ததே மற்றவர்களிடமிருந்து வாங்கிய டிஸ்க்கில். முடித்ததும் விற்று அடுத்ததை வாங்குவேன், தோழிக்கு இரவல் கொடுப்பேன். டிஸ்க்கும் அட்டையும் இல்லாமல் இறக்கிய கேமை எப்படி இரவல் கொடுப்பது? இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இரண்டு, விலை. முன்பெல்லாம் பொறுத்திருந்தால் இறங்கும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்தது, 2002-ல் 199 ஆனது. பிளேஸ்டேஷன் 5 அங்கே 2020-ல் 499.99, 2025 ஆகஸ்டில் 549.99. ஐந்து வருடம் காத்திருந்தவர் அதிகமாகக் கொடுக்கிறார்! கார்டுக்கே மூன்று மாதம் காத்திருந்தவள் நான். காத்திருப்பவர்களுக்கு ஒரு மரியாதை இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். லோடிங்கில் காத்திருப்பதை ஒழித்ததற்குக் கைதட்டுகிறேன், இதற்கு மாட்டேன்.

அந்த 400 ஜிபி கார்டை என்ன செய்யப் போகிறேன் என்றால், திரும்பப் பழைய ஸ்விட்சிலேயே போட்டுவிட்டேன். அண்ணன் மகன் சனிக்கிழமை வருகிறான், அவனுக்குத்தான். அண்ணிகிட்டே இன்னும் சொல்லவில்லை, இந்தக் காணொளியை அண்ணி பார்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். கொரோக் காட்டில் என் குதிரையைக் கட்டிவைத்த இடம் வரைக்கும் எல்லாம் அந்தப் பழைய ஸ்விட்சில் அப்படியே இருக்கிறது என்று சொல்ல வந்தேன், இல்லை இல்லை, குதிரை அந்தக் காட்டுக்குள் வராது, லாயத்தில் விட்டிருக்கிறேன். அம்மா கூப்பிடுகிறார், மழை விட்டுவிட்டது போல. துணியை வெளியே போட்டுவிட்டு வருகிறேன்.