பாசியின் நிறமியும் ரத்தத்தின் அணுவும்

வணக்கம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 'சிடி4 எண்ணிக்கை' என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். நோயை எதிர்க்கும் 'டி அணுக்கள்' என்ற வெள்ளை அணுக்களில், சிடி4 என்ற புரதத்தை அடையாளமாக வைத்திருப்பவை எத்தனை என்று எண்ணுவதுதான் அது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அது 200-க்குக் கீழே இறங்கினால் எதிர்ப்பு சக்தி ரொம்பவே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். உலகத்தின் எத்தனையோ ஆய்வகங்களில் அந்த அணுக்களை அடையாளம் காட்டிக்கொடுப்பது கடலில் வளரும் சிவப்புப் பாசியின் ஒரு நிறமி.

இந்தக் கதையின் முக்கியமான ஆள் அலெக்சாண்டர் கிளேசர். அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்தவர். நோய் எதிர்ப்பு பற்றி ஆராய வேண்டும் என்று கிளம்பியவர் இல்லை. பாசிகள் வெளிச்சத்தை எப்படிப் பிடிக்கின்றன, அவருக்கு அதுதான் கேள்வி.

அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கடலில் ஆழம் போகப்போகச் சிவப்பு ஒளியைத் தண்ணீரே விழுங்கிவிடும், நீலமும் பச்சையும்தான் கீழே இறங்கும். பச்சையமோ பச்சை ஒளியைச் சரியாகப் பிடிக்காது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சிவப்புப் பாசி ஃபைகோஎரித்ரின் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. அது வெளி வரிசை. அதற்குள்ளே ஃபைகோசயனின், அதற்கும் உள்ளே அல்லோஃபைகோசயனின், கடைசியில் பச்சையம். தீயணைக்க வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுகிற மாதிரி, வெளியே பிடித்த ஆற்றல் பெரும்பாலும் சிந்தாமல் உள்ளே போய்ச் சேரும்.

இப்போது அந்த வரிசையைக் கலைத்து, ஃபைகோஎரித்ரினை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். ஒளியைப் பிடிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ள அடுத்து ஆள் இல்லை. அப்போது என்ன செய்யும்? பிடித்ததில் பெரும்பகுதியை ஆரஞ்சு நிற ஒளியாக வெளியே விட்டுவிடும். பாசிக்கு இதனால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது, ஆனால் ரத்த அணுக்களைப் பார்ப்பவர்களுக்கு அது வரம்.

அந்தக் காலத்தில் அவர்களுடைய சிக்கல் இதுதான். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு அடையாளத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். அதில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, அது எந்த அணுவில் போய் உட்காருகிறது என்று ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற லேசர் கருவியில் பார்ப்பார்கள். ஃபுளோரசீன் என்ற பச்சைச் சாயம் கையில் இருந்தது. ஆனால் ஒரே அணுவில் ஒரே நேரத்தில் இரண்டு அடையாளங்களைப் பார்க்க வேண்டுமே! சிடி4 இருந்தாலே அது டி அணு என்று சொல்லிவிட முடியாது, மோனோசைட் என்ற வேறு வகை வெள்ளை அணுவிலும் கொஞ்சம் இருக்கும். கூடவே டி அணுக்களின் அடையாளமான சிடி3 புரதமும் இருக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதி. இரண்டாவது சாயத்துக்கு இரண்டாவது லேசர் வைப்பது செலவு, தொல்லை. ஃபைகோஎரித்ரின் வந்ததும் அந்தத் தொல்லை போயிற்று: 488 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல லேசர் ஒன்றே இரண்டையும் தூண்டும், ஃபுளோரசீன் 520-க்குப் பக்கத்தில் பச்சையாகவும் இது 575-க்குப் பக்கத்தில் ஆரஞ்சாகவும் ஒளிரும்.

கிளேசர், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வெர்னான் ஓய், லூபர்ட் ஸ்டிரையர் மூவரும் இதை 1982-இல் வெளியிட்டார்கள். எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வந்தது 1981-இல். யாரும் திட்டமிட்டதல்ல. நோயைப் புரிந்துகொள்ள டி அணுக்களை எண்ணியாக வேண்டிய நேரத்தில், எண்ணுவதற்கான சாயமும் வந்து நின்றது.

இதை வைத்து, கிளேசர் பாசியை விட்டு மருத்துவத்துக்குத் 'துறை மாறினார்' என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அடுத்த வருடமே கிளேசரும் ஸ்டிரையரும் ஃபைகோஎரித்ரினோடு அல்லோஃபைகோசயனினைச் செயற்கையாகப் பிணைத்தார்கள். பாசியின் வரிசையில் இரண்டு பேரை மட்டும் மறுபடி நிற்கவைத்த மாதிரிதான். நீல லேசர் அடித்தால் சிவப்பு ஒளி வரும், ஆக இன்னொரு நிறம் கிடைத்தாயிற்று. பிறகு டிஎன்ஏ வரிசையைப் படிக்க அவர் குழு உருவாக்கிய சாயங்களிலும் சாயத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு ஆற்றலைக் கடத்தும் அதே உத்திதான். ஆள் பாசியை விட்டு எங்கேயும் போகவில்லை!

குறையும் உண்டு. ஃபைகோஎரித்ரின் பெரிய புரதம், மூலக்கூறு எடை ஏறக்குறைய 240 கிலோடால்டன், தூக்கிச் சுமக்கிற ஆன்டிபாடியே 150தான். நுண்ணோக்கியின் கீழ் தொடர்ந்து வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். ஃப்ளோ சைட்டோமீட்டரில் அந்தக் கவலை இல்லை, ஒவ்வோர் அணுவும் லேசரைக் கடக்க எடுப்பது சில மைக்ரோவினாடிகள். அப்புறம், ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று: இந்தச் சாயம் ஒட்டிய ஆன்டிபாடிக் குப்பியை ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், உறைந்தால் புரதம் கெட்டுவிடும். இருட்டாக, 4 டிகிரியில் வையுங்கள்.