மருந்துக்கடைத் தாத்தா

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். பழைய கடை ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது, மதுரைக் கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில், இருவர் நின்றாலே நிறைந்துவிடும் ஒரு நாட்டு மருந்துக் கடை. 1970களில் வீட்டில் யாருக்கு இருமல் கண்டாலும், அம்மா என் கையில் எட்டணாவைத் தந்து அங்கேதான் அனுப்புவார்.

"சித்தரத்தை ஒரு பலம்" என்று கேட்டவுடன் தாத்தாவின் கை இழுப்பறைக்குப் போய்விடாது. "யாருக்கு, தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் சொல். பாட்டிக்கு என்றால் அதிமதுரத் துண்டு ஒன்றும் சேரும். சின்னவனுக்கு என்றால் அளவு குறையும். என் சித்தி கருவுற்றிருந்த நாளில் போய் நின்றபோது, விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு, "டாக்டரம்மாவிடம் காட்டச் சொல்" என்று காசைத் திருப்பி என் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பினார். விற்காமல் அனுப்பிய அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

கிராம் கணக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் எங்கள் தெருப் பெண்கள் பலம் என்றே கேட்டார்கள். அவரும் அவர்களைத் திருத்தாமல், தராசில் 35 கிராமை நிறுத்து, தாளில் மடித்து, மேலே தொங்கும் நூற்கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றித் தருவார். கூட்டம் இல்லாத பகல்களில் எனக்குப் பாடமும் நடக்கும். அரிசித் திப்பிலி காய் என்பதும், கண்டந்திப்பிலி அதே கொடியின் தண்டும் வேரும் என்பதும், கடுக்காய் கொல்லிமலையிலிருந்து வர, பெருங்காயமோ ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வருகிறது என்பதும் பள்ளியில் நான் கற்றவை அல்ல.

விளக்கு வைத்த பிறகு வசம்பு வாங்கப் போனால், அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. "பேர் சொல்லாதது வேணும் தாத்தா" என்பேன். பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கவா, பூச்சி அண்டாமல் பெட்டியில் போடவா என்று அதற்கும் ஒரு கேள்வி உண்டு. சுவடிகளில் கீறிய எழுத்துத் தெளிவாகத் தெரிய அக்காலத்தில் வசம்புக் கரியையும் பூசினார்கள் என்று அவர் சொல்லக் கேட்ட நாளிலிருந்து, அந்த வேரின் மேல் எனக்குத் தனி மரியாதை.

மூன்று சுவர்களையும் மறைத்து நின்ற இழுப்பறைகளில் ஒன்றின் மேலும் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை. அவர் காலமான பிறகு, கடையைக் காலி செய்ய வந்த மகனுக்கு எது எதுவென்று தெரியாமல், தெருவில் மூத்த பெண்களை அழைத்து வந்தார். என் அம்மாவும் போனார். ஒவ்வோர் இழுப்பறையாக இழுத்து, முகர்ந்து, நாவில் வைத்து, அவர்கள் பெயர் சொல்லச் சொல்ல, நான் சாக்கட்டியால் எழுதிக்கொண்டே வந்தேன். மாலைக்குள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. கடைசி வரிசையில் இரண்டை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. அவற்றின் மேல் ஒன்றும் எழுதாமல் மூடி வைத்தேன்.